பிராம்ஃபான்டெய்ன் கல்லறைத் தோட்டத்தை எப்படிப் போய்ப் பாக்கணும்: வள்ளியம்மை, பழைய கல்லு, ஹடீடாப் பறவை எல்லாம் சேத்து

ஊர்லருந்து சொந்தக்காரங்க யாராவது தென்னாப்பிரிக்காவுல நாங்க இருக்கிற ஜோபர்க்குக்கு, அதான் ஜோகன்னஸ்பர்க்குக்கு, வந்தா ஞாயித்துக்கிழமை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு ஒரு பேச்சு வரும். லயன் பார்க், சோவேட்டோன்னு ஒரு ரவுண்டு முடிச்சப்புறம் நான் பிராம்ஃபான்டெய்ன் கல்லறைத் தோட்டத்துக்குப் போலாம்னு சொன்னா வீட்ல யாரும் வாயே தொறக்க மாட்டாங்க. போன தடவை எங்க அத்தை "நல்லா இருக்கிற நாள்ல எதுக்குப்பா சுடுகாட்டுக்கு"ன்னு கேட்டாங்க. தில்லையாடி வள்ளியம்மை அங்கதான் படுத்திருக்காங்க அத்தைன்னு சொன்னேன், அவ்வளவுதான், முதல்ல செருப்பை மாட்டிட்டு வாசல்ல நின்னது அவங்கதான்.

நம்ம ஊர்ல பள்ளிக்கூடப் புத்தகத்துல அந்தப் பேரைப் படிச்சிருப்போம், எழும்பூர்ல கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கே தில்லையாடி வள்ளியம்மை மாளிகைன்னுதான் பேரு. ஆனா அந்தப் பொண்ணு பொறந்து வளந்தது இந்த ஜோபர்க்ல, தில்லையாடி அவங்க குடும்பத்து ஊரு. 1913-ல காந்தி நடத்தின சத்தியாகிரகத்துல, டிரான்ஸ்வால் மாகாணத்துலருந்து எல்லை தாண்டி நேட்டால் மாகாணத்துக்குப் போன பெண்கள் போராட்டத்துல சேந்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஜெயில்ல 3 மாசக் கடுங்காவல், அங்கயே காய்ச்சல் வந்து, வெளிய வந்த கொஞ்ச நாள்லயே 1914 பிப்ரவரி 22-ல போயிட்டாங்க, வயசு 16. அதே தோட்டத்துலதான் சாமி நாகப்பன் படையாச்சியும் இருக்காரு, அவருக்கு 18 வயசு, சத்தியாகிரகத்துல சேந்ததுக்காக 1909 ஜூன்ல 10 நாள் தண்டனை, குளிர்காலத்துல ரோடு போடுற வேலை, நிமோனியா வந்து ஜூலை 6-ல இறந்துட்டாரு. ரெண்டு பேரோட நினைவுக்கல்லையும் 1914 ஜூலை 15-ல காந்தி திறந்து வச்சாரு, அதுக்கு மூணாம் நாள் அவர் இந்த நாட்டை விட்டே கிளம்பிட்டாரு. பின்னாடி அந்த சமாதிகளைச் சீர் பண்ணி 1997 ஏப்ரல் 20-ல இந்த நாட்டு விடுதலைப் போராட்டத் தலைவர் வால்டர் சிசுலு மறுபடி திறந்து வச்சாரு.

இதைப் பாக்கணும்னு போறவங்க நெறைய பேர் நேரா அந்த ரெண்டு கல்லுக்குப் போயி, பூ வச்சு, போட்டோ எடுத்து, கால் மணி நேரத்துல திரும்பிடுறாங்க. எனக்கு அது மனசு கேக்கல. விக்டோரியா ராணி காலத்துப் பழக்கப்படி மரமும் பாதையுமா தோட்டம் மாதிரி போட்ட இடம் அது, 1880-கள் கடைசியிலருந்து இருக்கு, அதாவது 1886-ல தங்கம் கெடச்சு இந்த ஊரே முளைச்ச கொஞ்ச நாள்ல வந்தது. ஒரு காலைப் பொழுது முழுசா குடுத்தாதான் அது உங்களுக்குப் பிடிபடும். நான் பல வருஷமா போயிட்டு வர்றதுல கத்துக்கிட்டதை சொல்றேன்.

போறதுக்கு முன்னாடி

இடம் கிராஃப் தெருவுல இருக்கு, ஆப்ரிக்கான்ஸ்ல கிராஃப்னா சமாதின்னுதான் அர்த்தம். தனியா போகாதீங்க, நாலஞ்சு பேரா போங்க, வண்டியை உள்ள கொண்டு போயி நிறுத்துங்க, போனைக் கையிலயே வச்சிட்டு சுத்தாதீங்க, ஜோபர்க்ல இருக்கறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல. காலைல கேட் திறந்ததும் போயிடுங்க. அக்டோபர்லருந்து மார்ச் வரைக்கும் மத்தியானத்துக்கு மேல இடியும் மின்னலுமா இறங்கும், உயரமான மரத்துக்கும் இரும்புக் கிராதிக்கும் நடுவுல அந்த நேரத்துல நிக்கவே கூடாது, மேகம் கறுத்தா உடனே வண்டிக்கு வந்துடுங்க. தண்ணி, தொப்பி, முழுக்கால் பேன்ட், ஒரு நோட்டு, பென்சில், பைனாகுலர் இருந்தா அது, அப்புறம் கையடக்கமா ஒரு முகம் பாக்குற கண்ணாடி. கண்ணாடி எதுக்குன்னு கீழ வருது.

எந்த சீசன்னு கேட்டா, கல்லு படிக்கணும்னா ஜூன் ஜூலை, பறவை பாக்கணும்னா அக்டோபர் நவம்பர். குளிர்காலத்துல வெயில் சாய்வாவே விழும், எழுத்தோட பள்ளம் எல்லாம் நிழல் கட்டி எடுப்பா தெரியும், புல்லும் காஞ்சு தாழ்ந்திருக்கும்.

கல்லு படிக்கிறது

நான் முதல் தடவை போனப்போ ஒரு தேஞ்ச கல்லுல பேரு தெரியணும்னு சாக்பீஸை படுக்க வச்சு மேல தேச்சேன். எழுத்து பளிச்சுன்னு தெரிஞ்சுது, எனக்கு ஒரே சந்தோஷம். அங்க புல்லு வெட்டிக்கிட்டிருந்த ஒரு பெரியவர் மெஷினை நிறுத்திட்டு வந்து, கோபமே இல்லாம, என் கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போயி பக்கத்துக் கல்லைக் காமிச்சாரு. வேற யாரோ எப்பவோ தேச்ச சாக்பீஸ் பொடி எழுத்துப் பள்ளத்துல இறங்கி ஈரத்துல இறுகிப் போயிருந்துச்சு, கல்லோட மேல்தோலே செதில் செதிலா கழண்டு வருது, ஒரு எழுத்துல பாதி அப்படியே என் நகத்துல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. 100 வருஷம் நின்ன எழுத்து. அன்னைக்கு விட்டது அந்தப் பழக்கம்.

அதனால சாக்பீஸ், மாவு, ஷேவிங் க்ரீம், கம்பி ப்ரஷ், ப்ளீச் எதுவும் வேண்டாம். கண்ணாடியை எடுத்து, வெயில்ல நின்னு, வெளிச்சத்தை கல்லு மேல பக்கவாட்டுல, கிட்டத்தட்ட கல்லை உரசுற மாதிரி சாய்ச்சு அடிங்க. ஒருத்தர் கண்ணாடி பிடிக்கணும், ஒருத்தர் போட்டோ எடுக்கணும். ரெண்டு மூணு கோணத்துல மாத்தி மாத்தி எடுத்தா ஒண்ணுல இல்லாட்டி ஒண்ணுல எழுத்து வந்துடும். நம்ம ஊர் ஆளுங்க ஒண்ணு மறந்துடுறோம், இங்க சூரியன் வடக்குப் பக்கமா போகும். தெக்கு பாத்த கல்லு வருஷத்துல பாதி நாளு நிழல்லயே கெடக்கும், பாசியும் அந்த முகத்துலதான் ஏறும், அந்த மாதிரிக் கல்லுக்குத்தான் கண்ணாடி ரொம்ப உதவி.

அப்புறம் கல்லுல செதுக்கியிருக்கிற உருவங்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தம் வச்சிருந்தாங்க. பாதில முறிஞ்ச தூண் இருந்தா அற்பாயுசுல போனவங்க, ஆட்டுக்குட்டி இருந்தா குழந்தை, நங்கூரம்னா நம்பிக்கை, ரெண்டு கை கோத்திருந்தா விடைபெறுறது, துணி போத்தின கலசம்னா துக்கம். ஆட்டுக்குட்டிக் கல்லு எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. தண்ணி வசதி, சாக்கடை வசதி ஒண்ணும் சரியா இல்லாத சுரங்க ஊருல குழந்தைங்க எப்படிச் செத்துச்சுன்னு வேற யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 1896 பிப்ரவரி 19-ல இந்த பிராம்ஃபான்டெய்ன்லயே 50 டன்னுக்கு மேல டைனமைட் ஏத்தின ரயில் வெடிச்சுது, அதுல செத்தவங்களுக்கும் இங்க நினைவுக்கல் இருக்கு. 1899-லருந்து 1902 வரைக்கும் பிரிட்டிஷ்காரங்களுக்கும் டச்சு வழி வந்த போயர்களுக்கும் நடந்த போயர் போர்ல செத்த சிப்பாய்ங்க வேற.

தமிழ் எழுத்து இருக்கிற பழைய கல்லு இங்கயோ டர்பன் பக்கமோ பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கமோ கண்ணுல பட்டா அதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்குங்க, அதை நம்மளை விட்டா யாரு படிப்பா. லை, ணை, னை எல்லாம் பழைய மாதிரி யானைத் துதிக்கை போட்டு இருக்கும், ணா றா னா எல்லாம் தனிக்கால் இல்லாம சுழிச்சு இருக்கும், தமிழ்நாட்டுல அதை மாத்துனது 1978-லதான், அதனால குழம்ப வேண்டாம். புள்ளிதான் முதல்ல தேயும். நாகப்பன்னு வெட்டுனது நாகபபனன்னு தெரியும், ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சா பேரு தானா வந்துடும். வருஷம் தமிழ் எண்ணுல இருந்தா ௧௯௧௪ன்னோ இல்ல ௲௯௱௰௪ன்னோ இருக்கலாம், ரெண்டும் 1914தான். ௵ வந்தா வருஷம், ௴ வந்தா மாசம், ௳ வந்தா தேதி. சிலதுல பிரமாதீச வருஷம் மாசி மாசம்னு மட்டும் போட்டிருப்பாங்க. 60 வருஷ சுத்துங்கறதால அது 1914 பிப்ரவரி மார்ச்சா இருக்கலாம், 1974-ஆவும் இருக்கலாம், கல்லோட பழமையையும் பக்கத்துக் கல்லு தேதியையும் வச்சு முடிவு பண்ணுங்க. வள்ளியம்மை போனது அந்தப் பிரமாதீச மாசிலதான்.

நம்ம பக்தியால வர்ற சேதம்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும். நாம மரியாதைன்னு நெனச்சு செய்றது சிலது அந்தக் கல்லுக்கு விஷம். பித்தளை விளக்கு தேய்க்கிற மாதிரி புளியோ எலுமிச்சையோ போட்டு தேய்க்கக் கூடாது, பளிங்குக் கல்லு சுண்ணாம்பு சாதி, புளிப்பு பட்டா கரையும். பால் ஊத்துறது, எண்ணெய் தடவுறது, மஞ்சள் குங்குமம் பூசுறது எல்லாமே கல்லுக்குள்ள ஊறி கறையாயிடும், திரும்ப எடுக்கவே முடியாது. சூடத்தைக் கல்லு மேலயே ஏத்தினா ஒரு இடம் மட்டும் சூடாகி விரிசல் விடும், அதுவும் ஆகஸ்ட் மாசம் காஞ்ச புல்லுக்கு நடுவுல ஒரு பொறி போதும். சாமி கும்பிடணுமா, நூல்ல கட்டுன பூ ஒரு முழம், பிளாஸ்டிக் கவர் இல்லாம, அதைக் கல்லுக்கு முன்னாடி மண்ணுல வைங்க, கையெடுத்துக் கும்பிடுங்க. எங்க அத்தை வாழையிலைல கொஞ்சம் தண்ணி மட்டும் கொண்டு வந்து மண்ணுல விட்டாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

கல்லு மேல ஆரஞ்சு, சாம்பல், பச்சைன்னு வட்ட வட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கறது அழுக்குன்னு நெனச்சு சுரண்டாதீங்க. அது லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேந்து குடித்தனம் பண்ற ஒரு உயிர், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்கூட வளராத ஜாதி நெறைய உண்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் இருந்தா நம்ம தாத்தா காலத்துல ஆரம்பிச்சதா இருக்கும். சுரண்டுனா அது போறது மட்டுமில்ல, கல்லும் சேந்து பேந்துடும். உங்க குடும்பத்துக் கல்லாவே இருந்தாலும் கழுவுறது, சாயம் பூசுறது, நிமித்தி நடுறதுன்னு எதுக்கும் முதல்ல கல்லறைத் தோட்டத்து ஆபீஸ்ல கேளுங்க, 60 வருஷத்துக்கு மேலான கட்டுமானத்தை அனுமதி இல்லாம மாத்தக் கூடாதுன்னு 1999-ஆம் வருஷ பாரம்பரியச் சட்டத்துலயே இருக்கு. சாஞ்சு நிக்கிற கல்லு மேல கை ஊன்றாதீங்க, குழந்தைங்களை ஏத்தி நிக்க வச்சு போட்டோ எடுக்கவே எடுக்காதீங்க, ஒரு சிலுவைக் கல்லு சாஞ்சா பெரியவங்களையே நசுக்கிடும்.

இப்ப பறவை

ஒரு பெஞ்சு பாத்து உக்காருங்க, இருபது நிமிஷம் வாயைத் தொறக்காதீங்க. முதல்ல கேக்குறது ஹடீடாவாத்தான் இருக்கும், ஹா-ஹா-டீ-டான்னு மரத்து மேலருந்து ஒரு அலறல், முதல் தடவை கேட்டா வயித்தைக் கலக்கும். நம்ம ஊர் அரிவாள் மூக்கன் குடும்பம்தான் அது. கிட்ட வர்றதுக்குக் காத்திருங்க, ஏன்னா தூரத்துல பாத்தா பழுப்புக் கோழி மாதிரி இருக்கும், பத்தடி தூரத்துல வெயில் பட்டு இறக்கை திரும்பினா பச்சையும் ஊதாவுமா பட்டுப்புடவை மடிப்பு மாதிரி மின்னும். நீளமான வளைஞ்ச மூக்கை ரெண்டு சமாதிக்கு நடுவுல இருக்கிற ஈரப் புல்லுல தையல் போடுற மாதிரி குத்திக்கிட்டே போகும், திடீர்னு நிக்கும், தலையைச் சாய்க்கும், ஆழமா ஒரு குத்து, புழு வெளிய வந்துடும். பார்க்டவுன் ப்ரான்னு இங்க எல்லாரும் அலறுற அந்தப் பெரிய செவப்புப் பூச்சி இருக்கே, அதைக்கூட விடாது. ஜோபர்க் இருக்கிற இந்த ஹைவெல்ட் மேட்டு நிலம் ஒரு காலத்துல மரமே இல்லாத புல்வெளி, ஜனங்க வந்து மரம் நட்டு, புல்லுக்குத் தண்ணி விட்டப்புறம்தான் கூடு கட்ட எடமும் குத்தித் தின்ன மண்ணும் கெடச்சு ஹடீடா இங்க பெருகுச்சு.

அப்புறம் பழைய அலாரம் கடிகாரம் மாதிரி ட்ர்ர்ர்னு நிக்காம ஒரு சத்தம் வரும், அது கொண்டை வச்ச குக்குறுவான், மஞ்சளும் செவப்புமா புள்ளி புள்ளியா இருக்கும், பட்டுப்போன கிளைல ஓட்டை போட்டுத்தான் கூடு வைக்கும். சாம்பல் நிறத்துல நீள வாலோட க்வேஏன்னு இழுத்துக் கத்துறது லோரி. கொண்டலாத்தி, சின்னான், வெள்ளைக்கண்ணி, தேன்சிட்டு எல்லாம் நம்ம ஊர்ப் பறவைங்களோட பங்காளிங்க, ஜூன் ஜூலைல சோத்துக்கத்தாழைச் செடிங்க செவப்பாப் பூத்து நிக்கிற எடமா பாத்து தேன்சிட்டைத் தேடுங்க. மைனா மட்டும் பங்காளி இல்ல, நம்ம மைனாவேதான். கூண்டுல கொண்டு வந்தது டர்பன்ல 1902 வாக்குல தப்பிச்சுப் பரவி இங்க வரைக்கும் வந்துடுச்சு, இங்கத்த பறவைங்களோட பொந்தைப் பிடுங்கிக்குதுன்னு அதை யாருக்கும் பிடிக்காது, அந்தக் குறையில நியாயமும் இருக்கு. அதனாலதான் படையல்னு சோறு, பொரி, உடைச்ச தேங்கா எல்லாம் வைக்காதீங்கன்னு சொல்றேன், அதைத் தின்னு கொழுக்கறது மைனாவும் எலியும்தான்.

ஆந்தை பத்தி ஒரு வார்த்தை. ஜோபர்க் மரங்கள்ல கொம்பன் ஆந்தை பகல்ல தூங்கும், காதுக்கு மேல ரெண்டு கொம்பு மாதிரி இறகு. தரைல சாம்பலா எலும்பும் முடியும் உருண்டையா கெடந்தா தலைக்கு மேல பாருங்க. ஆந்தை அலறினா சாவுன்னு நம்ம ஊர்லயும் சொல்வாங்க, இங்கயும் பல பேர் அப்படித்தான் நம்புறாங்க, அதுக்காகவே அதைக் கல்லெறிஞ்சு கொல்றாங்க. ஒரு ஆந்தை ஜோடி குஞ்சு வளக்குற சீசன்ல எலியை எவ்வளவு குறைக்கும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க. கூடு பாத்தா எடம் எங்கன்னு வாட்சப்ல போடாதீங்க. உடைஞ்ச சமாதிக்குள்ள கையை விடாதீங்க, தேனீ கட்டியிருக்கும், ஆப்பிரிக்கத் தேனீ ஒண்ணு கொட்டினா கூட்டமே வரும், ரீங்காரம் கேட்டா பேசாம வந்த வழியே நகந்துடுங்க.

மரங்களையும் தொட்டுப் பாருங்க. ஓக், ப்ளேன் மரத்துப் பட்டைல பால்பாயின்ட் முனை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டையும் சுத்தி ஈரக் கறையும் இருந்தா அது ஷாட் ஹோல் போரர்னு ஒரு வண்டு, எள்ளு அளவுதான் இருக்கும், கூடவே ஒரு பூஞ்சையைக் கொண்டு வந்து மரத்துக்குள்ள பயிர் பண்ணித் தின்னும், அந்தப் பூஞ்சைதான் மரத்தைச் சாகடிக்குது. 2017-ல பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்கால கண்டுபிடிச்சாங்க, ஜோபர்க் தெருவுல அதுக்கப்புறம் மொட்டையா நிக்கிற மரங்களைப் பாத்திருப்பீங்க. ஓட்டை தெரிஞ்சா போட்டோ எடுத்து ஆபீஸ்ல காமிங்க, விறகுக்குன்னு ஒரு குச்சிகூட வண்டில ஏத்திட்டு வராதீங்க, அப்படித்தான் அது ஊர் விட்டு ஊர் போகுது.

பேரைத் தேடுறவங்களுக்கு

சொந்தக்காரங்க சமாதி தேடுறீங்கன்னா கல்லை விட பதிவேடுதான் முக்கியம், ஏன்னா ஏழைங்களுக்குக் கல்லே வச்சிருக்க மாட்டாங்க. செத்தப்புறமும் மதம், நிறம்னு பிரிச்சுத்தான் புதைச்சாங்க, அதனால எந்தப் பகுதின்னு முதல்ல கேளுங்க. ஒரே எழுத்துக்கூட்டல்ல தேடிட்டு இல்லன்னு வந்துடாதீங்க. முனுசாமி மூன்சாமி ஆயிருப்பாரு, முதலியார் மூட்லி ஆயிருப்பாரு, அப்பா பேரு குடும்பப் பேரா ஏறியிருக்கும், குடும்பப் பேரே இல்லாமலும் இருக்கும். இந்த நாட்டு தேசிய கீதத்தோட முதல் பகுதியை எழுதின ஈனாக் சொன்டோங்கா 1905-ல இறந்து இதே தோட்டத்துலதான் இருந்தாரு, சொன்டோங்காங்கற பேருல எவ்வளவு தேடியும் கெடைக்கல, கடைசில பாத்தா ஏட்டுல வெறும் ஈனாக்னு எழுதியிருக்காங்க. அப்புறம்தான் 1996 செப்டம்பர் 24-ல மண்டேலா வந்து அங்க நினைவுச் சின்னம் திறந்தாரு. அதனால சொந்தப் பேரு, அப்பா பேரு, ஊர் பேரு மூணையும் தனித்தனியா தேடுங்க. நேட்டாலுக்குக் கப்பல்ல கூலியா வந்த குடும்பம்னா, 1860 நவம்பர் 16-ல வந்த ட்ரூரோ கப்பல்லருந்து 1911 வரைக்கும் கப்பல் பட்டியல் இருக்கு, அதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், அப்பா பேரு, கிராமம், ஜில்லா, ஒடம்புல இருக்கிற மச்சம் தழும்புகூட எழுதியிருப்பாங்க. எரிச்சவங்கன்னா, பிரிக்ஸ்டன்ல இந்துக்களுக்குன்னு காந்தி காலத்துல எடம் வாங்கி 1918-ல செங்கல் தகன மேடை கட்டினாங்க, அந்தப் பக்கம் விசாரிங்க.

ஒரு கல்லு படிச்சா நாலு போட்டோ எடுங்க: முழுக் கல்லு, எழுத்து மட்டும் கிட்டத்துல, பின்பக்கம், அப்புறம் பக்கத்துக் கல்லுங்களோட சேத்து தூரத்துலருந்து ஒண்ணு. கடைசி போட்டோ இல்லன்னா அடுத்த வருஷம் நீங்களே அந்த எடத்தைக் கண்டுபிடிக்க மாட்டீங்க. எழுத்தை இருக்கிறது இருக்கிறபடியே நோட்டுல எழுதுங்க, தப்பு இருந்தா திருத்தாதீங்க, தெரியாத எழுத்துக்கு ஒரு கோடு போட்டு விடுங்க.

வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊத்திட்டுத்தான் உள்ள வரணும்னு எங்க அத்தை சொன்ன மாதிரி உங்க வீட்லயும் சொல்வாங்க, ஊத்துங்க. ஆனா அதுக்கு முன்னாடி வண்டிலயே உக்காந்து ஒரு பத்து நிமிஷம் நோட்டையும் போட்டோவையும் வச்சு சரி பாத்துடுங்க, பென்சில்ல அவசரத்துல கிறுக்கினது சாயங்காலம் பாத்தா உங்களுக்கே புரியாது. அத்தை அன்னைக்குப் படிச்சுச் சொன்ன பதினோரு பேரும் அப்படி எழுதி வச்சதுதான், ஒரு பேருல மட்டும் நடுவுல இன்னும் ஒரு கோடு இருக்கு. ஜூலைல வெயில் சாயட்டும், கண்ணாடியோட மறுபடி போகணும்.